மூன்று மொழிக்கும் ஒரே வாசல்

இலவசக் கண் பரிசோதனை முகாம் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு என்று சங்கத்தின் இணையதளத்தில் தமிழில் போட்டிருந்தது. அதை நம்பி, ஸ்ரீராமபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பேத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். கதவில் பூட்டுத் தொங்கியது.

பேத்தி கைபேசியை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். "தாத்தா, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வச்சிருக்காங்க. இங்கிலீஷ்ல சரியாத்தான் போட்டிருக்கு" என்றாள்.

"நான் பார்த்தது தமிழ்லேம்மா" என்றார் பெரியவர்.

ஆங்கிலப் பக்கத்தில் தேதியை மாற்றியிருந்தார்கள். கன்னடப் பக்கத்திலும் மாற்றியிருந்தார்கள். தமிழ்ப் பக்கத்தை மட்டும் மறந்துவிட்டார்கள். தமிழ்ச் சங்கத்தின் இணையதளத்திலேயே தமிழுக்கு இந்தக் கதி! இதை நான் வேடிக்கை பார்த்துவிட்டு எழுதவில்லை. நானும் அதே தமிழ்ப் பக்கத்தைப் படித்துவிட்டு அந்தப் பூட்டின் எதிரே வந்து நின்றவன்தான்.

இதில் யாருடைய அலட்சியத்தையும் குறை சொல்லிப் பயனில்லை. தொண்டு செய்ய வந்தவர்கள் ஓய்வு நேரத்தில் பார்க்கிற வேலை அது. விசாரித்ததில், குறை இணையதளத்தின் கட்டுமானத்திலேயே இருப்பது தெரிந்தது. மூன்று மொழிக்கும் மூன்று தனித்தனி வீடு கட்டி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் கதவே வைக்காமல் விட்டிருந்தார்கள். ஒரு தேதியை மாற்ற வேண்டுமென்றால் மூன்று வீட்டுக்கும் ஏறி இறங்க வேண்டும். ஒரு வீட்டை மறந்தால் கேட்பாரில்லை.

பெங்களூரில் மட்டும் அல்ல, மும்பையிலும் தில்லியிலும் கூடத் தமிழர்களின் சங்கங்கள், நூலகங்கள், பள்ளிகள் இரண்டு மூன்று மொழிகளில் பேச வேண்டியவை. அவர்களுக்கெல்லாம் செலவில்லாமல் கைகொடுக்கக் கூடிய ஒரு முறை இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

தோசையும் இட்லியும்

இணையதளங்கள் இரண்டு வகை. ஒன்று, வாடிக்கையாளர் வந்து கேட்ட பிறகு கல்லில் மாவை ஊற்றித் தோசை வார்ப்பது போன்றது. நீங்கள் பக்கத்தைக் கேட்டதும், எங்கோ இருக்கும் கணிப்பொறி தகவல்களைத் திரட்டி அந்த நிமிடமே பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்கும். வங்கிக்கும் ரயில் முன்பதிவுக்கும் இது அவசியம்.

மற்றது, விடியற்காலையிலேயே ஓர் ஈடு இட்லி வார்த்து எடுத்து வைப்பது போன்றது. எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துவிடுவார்கள். வருகிறவருக்கு எடுத்துக் கொடுப்பதுதான் மிச்சம். இதை நிலைத்த இணையதளம் என்கிறார்கள். சங்கத்துக்கும் நூலகத்துக்கும் இதுவே போதும். தகவல் களஞ்சியம் தேவையில்லை; உடைத்துக்கொண்டு உள்ளே நுழைய வழியும் குறைவு; வாடகை இல்லாமலே இடம் தருகிற நிறுவனங்களும் உண்டு.

இப்படி ஓர் ஈடாகப் பக்கங்களை வார்த்துக் கொடுக்கும் மென்பொருள்கள் பல. 2008ல் டாம் பிரஸ்டன் வெர்னர் வெளியிட்ட ஜெக்கில் அவற்றில் புகழ்பெற்றது. ஆனால் பல மொழிகளுக்கான ஏற்பாடு அதில் பிறவியிலேயே கிடையாது. வெளியிலிருந்து ஒட்டுப் போட வேண்டும். 2013ல் ஸ்டீவ் பிரான்சியா என்பவர் தொடங்கிய ஹ்யூகோவில் 2016 முதல் பல மொழி வசதி உள்ளேயே அமைந்துவிட்டது. இலவசம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆகவே ஹ்யூகோவை வைத்தே மேலே பேசுவோம்.

இதில் மூன்று பொருள்கள் உண்டு. நாம் எழுதும் விஷயம், அதாவது மாவு. ஹ்யூகோ, அதாவது அடுப்பு. தீம் எனப்படும் வடிவமைப்பு, அதாவது இட்லித் தட்டு. தலைப்பு எங்கே, பட்டியல் எங்கே, படம் எங்கே என்பதையெல்லாம் தீர்மானிப்பது தட்டுதான். ஆயிரம் பக்கம் இருந்தாலும் தட்டு ஒன்றே.

தட்டில் செதுக்கிய ஆங்கிலம்

வம்பு இங்கேதான் ஆரம்பமாகிறது. இலவசமாகக் கிடைக்கும் தீம்களில் பல, ஆங்கிலத்தை மட்டுமே மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 'மேலும் படிக்க', 'முந்தையது', 'அடுத்தது', 'தேடல்' என்ற சிறு சிறு சொற்களை எல்லாம் ஆங்கிலத்திலேயே தட்டில் செதுக்கிவிட்டிருப்பார்கள். குழியிலேயே எழுத்துச் செதுக்கியிருந்தால், எந்த மாவை ஊற்றினால் என்ன? இட்லியின் முதுகில் ஆங்கிலம்தான் பதியும்.

உள்ளே கட்டுரை நல்ல தமிழில் இருக்கும். சுற்றிலும் உள்ள பொத்தானும் பட்டியலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் அறியாதவர் கட்டுரையைப் படித்துவிடுவார். அங்கிருந்து அடுத்த பக்கத்துக்குப் போக வழி தெரியாது.

இதற்குப் பரிகாரம் எளியது. தட்டில் எந்த மொழியின் சொல்லையும் செதுக்கக் கூடாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடையாளப் பெயர் மட்டும் வைத்துவிட வேண்டும். அந்த அடையாளத்துக்கு உரிய சொற்களை மொழிக்கு ஒரு கோப்பாகத் தனியே எழுதி வைக்க வேண்டும். ஹ்யூகோவில் இந்தக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டருக்கு 'ஐ-18-என்' என்று பெயர். பன்மொழித் தகுதியாக்கம் என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலச் சொல்லில் முதலெழுத்து 'ஐ', கடைசி எழுத்து 'என்', நடுவே 18 எழுத்துகள். அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவர்கள் வைத்த சுருக்கம் இது.

சாதாரணமான ஒரு தீமுக்கு இப்படிப்பட்ட சொற்கள் சில டஜன்தான் தேறும். தமிழ் நன்கு அறிந்த ஒருவர் ஒரு மாலை உட்கார்ந்தால் எழுதி முடித்துவிடலாம். கணிப்பொறி ஞானம் வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் யார்?

அடுத்து, எந்த மொழிக்கு எந்த இடம் என்ற கேள்வி வரும். பெங்களூரில் இது சாதாரணக் கேள்வி அல்ல. பெயர்ப் பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று கர்நாடகத்தில் 2024ல் சட்டத் திருத்தம் செய்யப்பட்டது நினைவிருக்கும். பலகையில் இடம் குறைவு. ஒரு மொழிக்குக் கூட்டினால் மற்றொன்றுக்குக் குறைக்கத்தான் வேண்டும்.

இணையதளத்தில் அந்தத் தகராறே இல்லை. கன்னடம் படிப்பவருக்கு முழுப் பக்கமும் கன்னடம். தமிழ் படிப்பவருக்கு முழுப் பக்கமும் தமிழ். யாருக்கும் பங்கு குறையவில்லை.

ஆனாலும் ஹ்யூகோவில் ஒரு சூட்சுமம் உண்டு. எதையும் மாற்றாமல் விட்டால், முதன்மை மொழியாகக் குறித்த மொழி நேரே வாசலில் உட்கார்ந்துகொள்ளும். மற்ற மொழிகள் உள் அறைகளுக்குப் போய்விடும். ஒரு மொழி வீட்டுக்காரர், மற்றவை குடித்தனக்காரர் என்ற நிலை. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால், முதன்மை மொழியும் தன் அறைக்குப் போய்விடும். மூன்றுக்கும் சமமான மூன்று அறைகள். மொழிகளின் வரிசையையும் எண் கொடுத்து நாமே நிர்ணயிக்கலாம். இந்த ஊரில் கன்னடத்தை முதலில் வைப்பது மரியாதை. அதனால் தமிழுக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

மொழி மாற்றும் பொத்தானில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுத வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவர் ஆங்கில எழுத்தில் உள்ள தன் மொழியின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பார்? இரண்டாவது, கொடிப் படம் போடக் கூடாது. தமிழுக்கு எந்தக் கொடியைப் போடுவது? இந்தியாவில் பேசுகிறோம், இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அது ஆட்சிமொழி. மூன்றாவது, பொத்தானை அமுக்கினால் அதே பக்கத்தின் மறுமொழிக்குப் போக வேண்டும். முகப்புக்குத் தள்ளிவிடக் கூடாது.

இதற்குச் செய்ய வேண்டியது சிறு வேலை. ஒரு கட்டுரைக்கு மூன்று மொழியிலும் ஒரே கோப்புப் பெயரை வைத்து, இறுதியில் தமிழுக்கு 'டி.ஏ.', கன்னடத்துக்கு 'கே.என்.', ஆங்கிலத்துக்கு 'ஈ.என்.' என்ற மொழிக்குறியைச் சேர்த்தால் போதும். மூன்றும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகள் என்பதை ஹ்யூகோ தானே புரிந்துகொள்ளும்.

தேதிக்கு ஒரே இடம்

இப்போது கண் முகாமுக்கு வருவோம். அங்கே நடந்த தவறு மொழிபெயர்ப்புத் தவறு அல்ல. தேதி என்பது எந்த மொழிக்கும் சொந்தமானது அல்ல. அதை மூன்று இடத்தில் எழுதியதுதான் தவறு.

ஹ்யூகோவில் எல்லா மொழிகளுக்கும் பொதுவான தகவல் ஃபோல்டர் ஒன்று உண்டு. நிகழ்ச்சியின் தேதி, நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றை அங்கே ஒரே ஒருமுறை எழுதி வைத்துவிட்டு, மூன்று மொழிப் பக்கங்களும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி தீமை அமைக்க வேண்டும். ஓரிடத்தில் மாற்றினால் மூன்றிலும் மாறும். மறந்தால் மூன்றிலும் மறந்ததாக இருக்கும். அப்போது யாராவது ஒருவர் உடனே கேட்டுவிடுவார்!

தேதி எண்ணாக இருந்தாலும் மாதப் பெயர் அந்தந்த மொழியில் வர வேண்டுமே? 2021ல் வந்த பதிப்பு முதல், மொழிக்கு ஏற்றபடி மாதத்தையும் கிழமையையும் ஹ்யூகோவே எழுதிக் கொடுக்கிறது.

வேற்றுமை உருபுச் சங்கடம்

ஆங்கிலத் தீமைத் தமிழுக்குக் கொண்டு வரும்போது இலக்கணமும் குறுக்கே வரும். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு சிறு சொல்லைப் போட்டால் 'அந்த ஊரில்' என்ற பொருள் வந்துவிடும். ஊர்ப் பெயர் மாறாது. தமிழில் அப்படியா? அல்சூர் 'அல்சூரில்' ஆகும். சென்னை 'சென்னையில்' ஆகும். கோலார் தங்கவயல் 'தங்கவயலில்' ஆகும். ஊர்ப் பெயரோடு ஓர் 'இல்' சேர்க்கும்படி கணிப்பொறிக்குச் சொன்னால் 'சென்னைஇல்' என்று ஒட்டிவிட்டுப் போய்விடும். கன்னடத்திலும் இதே கதைதான்.

தப்பிக்க வழி, வாக்கியமாக எழுதாமல் இருப்பதே. 'இடம்: அல்சூர்', 'எழுதியவர்: இன்னார்', 'நாள்: இது' என்று தலைப்பும் விவரமுமாகப் பிரித்து அமைத்தால் உருபு தேவையில்லை. கல்யாணப் பத்திரிகையில் நாம் காலங்காலமாகச் செய்துவரும் காரியம்தான் இது.

ஒருமை பன்மையிலும் ஒரு விசேஷம் உண்டு. '1 நிகழ்ச்சி', '2 நிகழ்ச்சிகள்' என்று இரண்டு வடிவமும் சொற்கோப்பில் எழுதிவைக்க வேண்டும். பூஜ்யம் வந்தால்? யூனிகோடு கூட்டமைப்பு பராமரிக்கும் மொழி விதிகளின்படி, தமிழில் பூஜ்யம் பன்மையோடு சேரும். கன்னடத்தில் ஒருமையோடு சேரும். தீம் அமைப்பவர் இதைத் தானாகக் கணக்குப் போடாமல் ஹ்யூகோவிடமே விட்டுவிடுவது நல்லது. அது அந்த விதிகளைப் பார்த்தே நடக்கிறது.

மரியாதையும் ஒரு பிரச்னை. பொத்தானில் 'தேடு' என்று போட்டால் வயதில் பெரியவரை ஏவுவது போல் இருக்கும். 'தேடவும்' என்றோ 'தேடுக' என்றோ போடலாம். எதைப் போட்டாலும் தளம் முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் 'வா', மறு இடத்தில் 'வாருங்கள்' என்றால் நன்றாகவா இருக்கிறது?

இயந்திர மொழிபெயர்ப்பு இன்று வெகுவாகத் தேறிவிட்டது, மறுக்கவில்லை. நீண்ட கட்டுரைக்கு முதல் வரைவாக உதவும். ஆனால் தனித்து நிற்கும் ஒற்றைச் சொல்லில்தான் அது தடுக்கி விழும். முகப்பைக் குறிக்கும் 'ஹோம்' வீடாகிவிடும். நண்பர்களுக்கு அனுப்பச் சொல்லும் 'ஷேர்' பங்குச் சந்தைக்குப் போய்விடும். தீமில் உள்ளவை எல்லாம் இப்படிப்பட்ட ஒற்றைச் சொற்களே. ஆகவே அவற்றை மனிதர்தான் எழுத வேண்டும்.

எழுத்துக்கு வேண்டிய இடம்

ஒரு காலத்தில் தமிழ் இணையதளத்தைப் பார்க்க, அந்தத் தளத்துக்கென்றே தனி எழுத்துருவைத் தேடி இறக்க வேண்டியிருந்தது. ஆளுக்கொரு குறியீட்டு முறை. யூனிகோடு பரவிய பின் அந்தத் தொல்லை தீர்ந்தது. நோட்டோ வரிசையில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் ஒத்த சாயலுள்ள இலவச எழுத்துருக்கள் கிடைக்கின்றன.

இருந்தாலும், ஆங்கிலத்துக்கு அளவெடுத்த சட்டை நமக்குப் பொருந்தாது. கன்னடத்தில் ஒற்றெழுத்தின் கீழே மற்றொரு எழுத்துத் தொங்கும். ஆகவே வரிகளுக்கிடையே அதிக இடம் விட வேண்டும். தமிழில் சொற்கள் நீளம். ஆங்கிலச் சொல்லுக்கென்று அகலம் அளந்து செய்த பொத்தானில் 'தனியுரிமைக் கொள்கை' அடங்காமல் வெளியே வழியும். ஆங்கிலத் தலைப்பில் அழகுக்காக எழுத்துக்கெழுத்து இடைவெளி விடுவார்கள். தமிழில் அப்படி விட்டால் சொல்லே சிதறித் தெரியும். சாய்வெழுத்தும் நம் எழுத்துக்கு இயல்பானது அல்ல. இவற்றையெல்லாம் மொழிவாரியாக மாற்றிக்கொள்ள தீமில் இடம் வைக்க வேண்டும்.

அகர வரிசையிலும் ஒரு கண் இருக்கட்டும். யூனிகோடு எண் வரிசையில் 'ந'வை அடுத்து 'ன' வருகிறது. நம் நெடுங்கணக்கிலோ 'ன' கடைசி எழுத்து. எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் அன்பு முதலிலும் அப்பாவு அடுத்தும் வந்துவிடுவார்கள். உறுப்பினர் பட்டியலை வெளியிடுமுன் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பக்கத்தின் முகவரியிலும் ஒரு சங்கதி உண்டு. முகவரியில் தமிழ் எழுத்தை வைத்தால், அதை எடுத்து மற்றொருவருக்கு அனுப்பும்போது பெரும்பாலும் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக மாறிவிடும். 'தமிழ்' என்ற ஒரு சொல் மட்டும் 45 குறிகளாக நீளும்! வாட்ஸப்பில் வந்தால் பார்ப்பவர் பயந்துவிடுவார். முகவரிக்கு மட்டும் சிறிய ரோமன் எழுத்துப் பெயர் வைப்பது சௌகரியம். இதில் மொழிப்பற்றுக்கு இழுக்கு இல்லை. தபால் பெட்டி எண் போன்றதுதான் அது.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு பக்கத்தின் உள்ளேயும் 'இது தமிழ்', 'இது கன்னடம்' என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அந்தக் குறிப்பைப் பார்த்தே குரலைத் தேர்ந்தெடுக்கிறது. பல தீம்களில் எல்லாப் பக்கத்திலும் ஆங்கிலம் என்றே அச்சடித்திருக்கும். அப்படி விட்டால் தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரல் படிக்க முயன்று திணறும். ஒரு சொல் மாற்றினால் தீருகிற குறை இது.

இல்லாததை மறைக்க வேண்டாம்

மூன்று மொழியிலும் எல்லாக் கட்டுரைகளையும் எழுத எந்தச் சங்கத்துக்கும் ஆள் பலம் கிடையாது. சில பக்கங்கள் ஒரு மொழியில் மட்டுமே இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை மறைக்கக் கூடாது.

ஒரு மொழியில் இல்லாத பக்கத்தை மற்ற மொழியின் பட்டியலிலிருந்து எடுத்து நிரப்பிக் காட்டும் வசதி ஹ்யூகோவில் இருக்கிறது. அப்படி நிரப்பும்போது, 'இந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் மட்டும் உள்ளது' என்று தமிழில் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். பேத்தியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம் என்று பெரியவருக்குத் தெரிந்துவிடும். பக்கமே இல்லாதது போல் விட்டுவிட்டால் அவருக்கு எதுவுமே தெரியாது.

தீமின் சொற்களில் ஏதேனும் தமிழில் விடுபட்டால், ஹ்யூகோ சத்தமில்லாமல் முதன்மை மொழியின் சொல்லைப் போட்டுவிடும். ஆகவே, விடுபட்டவற்றை எச்சரிக்கையாகப் பட்டியலிட்டுக் காட்டும் ஏற்பாட்டை இயக்கி, தளத்தை வெளியிடும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு பரீட்சை. தளம் தயாரானதும், அதை அமைத்த இளைஞர்கள் சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. ஆங்கிலம் அறியாத ஒரு பெரியவரை உட்கார வைத்து, கைபேசியைக் கையில் கொடுத்து, "ஐயா, அடுத்த முகாம் என்றைக்கு என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். அதே போல் கன்னடம் மட்டும் அறிந்த பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும். எங்கே அவர் விரல் தயங்குகிறதோ அங்கே தீமில் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு பஸ் மாறி வருகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பக் கூடாது. அவருக்கு வேண்டியது ஒரு தேதி. அது அவர் படிக்கும் மொழியில், சரியாக, மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே நேரத்தில் கிடைக்க வேண்டும்.